சிங்க் அரைப்பான் உறுமியது, இப்போது அதுவும் இல்லை

ஈரக்கை:

டிஸ்போசர் என்று எல்லோரும் சொல்லும் கழிவு அரைப்பான் எங்கள் சமையலறை சிங்குக்குக் கீழே இருக்கிறது. நேற்று இரவு ஒன்பதரை மணியிலிருந்து வேலைநிறுத்தம். சிங்கில் நான்கு விரற்கடை உயரத்துக்குச் சாம்பல் நிறத் தண்ணீர் நிற்கிறது. அதன் வாசனையைப் பற்றி எழுத விரும்பவில்லை.

நடந்தது இதுதான். தட்டுகளைக் கழுவி, மிச்சத்தை உள்ளே தள்ளி, சுவிட்சைப் போட்டேன். இரண்டு விநாடி வழக்கம்போல் அரைத்தது. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு வெறும் உறுமல், சுற்றவே இல்லை. அணைத்தேன். மறுபடி போட்டேன். உறுமல். அணைத்தேன், போட்டேன். இப்படி ஏழெட்டு முறை செய்திருப்பேன். கடைசியில் உறுமலும் போய்விட்டது. இப்போது சுவிட்சைப் போட்டால் ஒரு முனகல்கூட இல்லை.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. மாமனார், "தொடாதே, ஆளைக் கூப்பிடு" என்கிறார். வெளியூரில் இருக்கும் கணவர் தொலைபேசியிலேயே வைத்தியம் பார்க்கிறார்: கொதிக்கும் தண்ணீரை ஊற்ற வேண்டுமாம். பன்னிரண்டு வயது மகன், கையை விட்டுத் துழாவிப் பார்க்கட்டுமா என்று ஆசையோடு கேட்கிறான். அவனைச் சமையலறைக்குள் வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

என் சந்தேகம் வேறு. ஒரு தேக்கரண்டி உள்ளே விழுந்திருக்கிறது, விழவைத்தது என் மகன். கரண்டிகளை எண்ணிப் பார்த்தேன்; பன்னிரண்டில் பதினொன்றுதான் இருக்கிறது. அவன் சத்தியம் செய்கிறான். அவன் சத்தியங்களின் பழைய வரலாறு எனக்குத் தெரியும்.

கருவிகளைக் கண்டு பயப்படுகிறவள் அல்ல நான். போன வாரம்தான் இதே சிங்கின் குழாயைக் கழற்றி வாஷர் மாற்றினேன். சொட்டுவது நின்றுவிட்டது. பிடி மட்டும் கொஞ்சம் ஆடுகிறது, அது தனிக் கதை. கையில் இருப்பவை: திருப்புளிகள், ஒரு குறடு, டார்ச், அலமாரி வாங்கியபோது பூட்டுவதற்காகக் கொடுத்த ஆலன் கீ என்ற அறுகோண முனைச் சாவி நான்கு.

மோட்டார் செத்துவிட்டதா? நானே சரிசெய்ய முடியுமா? எதிலிருந்து தொடங்குவது?

அவசரக்குடுக்கை:

அக்கா, இதற்கெல்லாம் கழற்றவே வேண்டாம். ஒரு கிண்ணம் ஐஸ் கட்டி, ஒரு கைப்பிடி உப்பு, இரண்டையும் போட்டு ஓடவிடுங்கள். உள்ளே இருக்கும் பிளேடு கூர்மையாகிவிடும், சிக்கியது தானாக அரைபடும். அதற்கும் மசியவில்லை என்றால் அடைப்பு நீக்கும் திரவத்தை ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள்.

பழைய ஃபிட்டர்:

அம்மா, திரவம் எதையும் ஊற்றிவிடாதீர்கள். ஊற்றும் முன் இதைப் படித்துவிட்டால் நல்லது. அடுக்குமாடிக் கட்டடங்களின் பராமரிப்பில் 22 ஆண்டுகள் இருந்தவன் நான். "செத்துவிட்டது, புதிது வேண்டும்" என்று என்னை அழைத்த வீடுகளில் பெரும்பாலான இடங்களில் ஒரு சிறிய சாவியால் திருப்பிவிட்டு வந்திருக்கிறேன்.

உங்கள் அரைப்பான் மௌனமாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் நல்ல செய்தி. சுற்ற முடியாமல் நிற்கும் மோட்டார், ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அந்த உறுமல், மோட்டாரின் கம்பிச்சுருள் வேகும் சத்தம். நீங்கள் ஏழெட்டு முறை சுவிட்சைத் தட்டினீர்கள். ஒவ்வொரு முறையும் சூடு ஏறியது. அது கருகும் முன், உள்ளே இருக்கும் வெப்பக் காப்பு இணைப்பைத் துண்டித்துவிட்டது. அரைப்பானின் அடியில் சின்னதாக ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். இப்போது அது அரை சென்டிமீட்டர் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இன்னும் அதைத் தொட வேண்டாம்.

பழுதைக் கண்டுபிடிக்கக் காதே போதும். உறுமினால், ஏதோ சிக்கியிருக்கிறது. சத்தமே இல்லை என்றால் அந்தப் பொத்தான் வெளியே வந்திருக்கிறது, அல்லது வீட்டின் பிரேக்கர் டிரிப் ஆகியிருக்கிறது, அல்லது கீழே யாரோ எதையோ வைக்கப்போய் பிளக் கழன்றிருக்கிறது. கடகடவென்று ஓடினால், உலோகமோ கண்ணாடியோ உள்ளே குதித்துக்கொண்டிருக்கிறது. நன்றாக ஓடுகிறது, தண்ணீர் மட்டும் போகவில்லை என்றால் குறை அரைப்பானில் இல்லை, அதற்கு அடுத்த குழாயில். உங்களுக்கு முதலில் உறுமல், பிறகு மௌனம். ஏதோ சிக்கிய பிறகு பொத்தான் வெளியே வந்த கதை இது, அவ்வளவுதான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் வேலை எளிது. பிளேடு என்று ஒன்று அங்கே கிடையாது. ஒரு வட்டத் தட்டு சுற்றும். அதன்மேல் இரண்டு உலோகக் கட்டைகள், இப்படியும் அப்படியும் ஆடும்படி பொருத்தப்பட்டிருக்கும். தட்டு சுற்றும் வேகத்தில் கழிவெல்லாம் ஓரத்துக்கு வீசப்படும். ஓரத்தில் சுற்றிலும் பல் வெட்டிய வளையம். அந்த வளையத்தில் கட்டைகள் தேய்த்துத் தேய்த்துத்தான் அரைக்கின்றன, வெட்டுவதில்லை. ஆகவே, தம்பி அவசரக்குடுக்கை, ஐஸ் கட்டியால் கூர்மையாவதற்கு அங்கே எதுவும் இல்லை. சுவரில் படிந்த பிசுக்கைச் சுரண்டிவிடும், அது வேறு. சுற்றாத இயந்திரத்தில் அதையும் செய்யாது.

கட்டைக்கும் வளையத்துக்கும் இடையில் கெட்டியான பொருள் ஒன்று மாட்டினால், கதவுக்கு அடியில் கொடுத்த ஆப்பு மாதிரி ஆகிவிடும். அதே திசையில் தள்ளத் தள்ள இறுகும். நீங்கள் சுவிட்சைத் தட்டித் தட்டிச் செய்ததும் அதுதான். எதிர்த்திசையில் கொஞ்சம் பின்வாங்கினால் ஆப்பு தளர்ந்துவிடும். மொத்த வித்தையும் இவ்வளவே.

இனி வேலை. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பிளக் இல்லாமல் நேரடியாக இணைத்திருந்தால் பிரேக்கரை இறக்கிவிட்டு, சுவிட்சைப் போட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். போதாது. அந்தச் சுவிட்சு பெரும்பாலும் சமையலறை விளக்குச் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கும். இருட்டாக இருக்கிறதே என்று யாராவது நல்லெண்ணத்தோடு தட்டிவிடுவார்கள். மூடியைத் திருகினால் ஓடுகிற வகையும் உண்டு. அதற்கும் பிளக்கைத்தான் பிடுங்க வேண்டும்.

தண்ணீரை ஒரு குவளையால் மொண்டு, கடைசியில் பஞ்சால் ஒற்றி எடுங்கள். சிங்கின் வாயில் இருக்கும் ரப்பர் மடலுக்குக் கீழே கை போகவே கூடாது, மின்சாரம் இல்லாவிட்டாலும். உடைந்த கண்ணாடிக்கு மின்சாரம் தேவையில்லை.

பிறகு கீழே படுத்து, அரைப்பானின் அடிப்பகுதியை டார்ச் அடித்துப் பாருங்கள். நட்டநடுவில் அறுகோணத் துளை ஒன்று இருக்கும். ஆலன் கீயை அதில் செருகி இடமும் வலமுமாக அசையுங்கள். முதலில் கல் மாதிரி இருக்கும். ஒரு பக்கம் சிறிது, மறு பக்கம் சிறிது என்று விடாமல் அசைத்தால் ஒரு கட்டத்தில் சட்டென்று விட்டுக்கொடுக்கும், கையிலேயே தெரியும். அதற்குப் பிறகு இரு திசையிலும் முழுச் சுற்றாகச் சுற்றிப் பாருங்கள். சாவியின் வாலில் இரும்புக் குழாயைச் செருகி முறுக்காதீர்கள். பலசாலிகள் அப்படித்தான் துளையை வட்டமாக்கிவிட்டு எனக்குத் தொலைபேசி செய்வார்கள்.

சுற்றுகிறது என்றதும் பொத்தானுக்குப் பாயாதீர்கள். சிக்கிய பொருள் தளர்ந்திருக்கிறதே தவிர உள்ளேதான் கிடக்கிறது. மேலிருந்து டார்ச் அடித்து, ரப்பர் மடலை ஒரு கரண்டிக் காம்பால் விலக்கி, நீள மூக்குக் குறடாலோ இடுக்கியாலோ எடுங்கள். காந்தத்தை நம்பாதீர்கள், பல எவர்சில்வர் கரண்டிகளில் காந்தம் ஒட்டாது.

எடுத்த பிறகு குறைந்தது 15 நிமிடம் சும்மா இருங்கள், மோட்டார் ஆற வேண்டும். அப்புறம் சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். 'கிளிக்' என்று உள்ளே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இன்னும் சூடு இருக்கிறது. அரை மணி நேரம் கழித்து மறுபடி. பிளக்கைச் செருகி, குளிர்ந்த தண்ணீரைத் திறந்துவிட்டு, சுவிட்சைப் போடுங்கள். மறுபடி உறுமினால் இரண்டு விநாடிக்குமேல் விடாமல் அணைத்துவிட்டு இங்கே எழுதுங்கள்.

கொதிநீரும் சிக்கிய கரண்டியை அசைக்காது. அந்தத் திரவம் அதைவிட மோசம். சுற்றாத தொட்டியில் அது அப்படியே தேங்கி நிற்கும், அடுத்த பத்து நிமிடத்தில் அதன்மேல் குனிந்து குறடால் துழாவப் போவது நீங்கள். கண்ணில் ஒரு துளி தெறித்தால் போதும்.

அவசரக்குடுக்கை:

பிளேடு இல்லை என்பதை இன்றுதான் அறிகிறேன். பத்து ஆண்டுகளாக ஐஸ் போட்டுக் கூர்தீட்டிக்கொண்டிருக்கிறேன் ஐயா.

ஈரக்கை:

ஐயா, திரவம் ஊற்றவில்லை. பாட்டிலைக் கையில் எடுத்தேன் என்பது உண்மை. நல்ல நேரத்தில் எழுதினீர்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். தண்ணீரை மொண்டு தீர்த்துவிட்டேன். சிவப்புப் பொத்தான் நீங்கள் சொன்னபடியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பார்த்ததும் ஒரு நிம்மதி. ஆனால் நடுவில் துளை எதுவும் இல்லை. கறுப்பாக ஒரு மேடுதான் தெரிகிறது. அதை நகத்தால் சுரண்டினேன், அழுக்கு வந்தது. அழுக்குக்குக் கீழே துளை இருக்கிறதா, இல்லை நான் இயந்திரத்தையே சுரண்டிக்கொண்டிருக்கிறேனா?

மாமனார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மேற்பார்வையாம்.

மரக்கைப்பிடி:

குறுக்கே பேசுகிறேன், மன்னியுங்கள். எல்லா அரைப்பானிலும் அடியில் துளை இருக்காது. எங்கள் வீட்டில் இருப்பது நிரந்தரக் காந்த மோட்டார் வகை. எடை குறைவு, வேகம் அதிகம், நிமிடத்துக்கு 2,600 சுற்றுக்கு மேல். அதில் துளை கிடையாது. அதற்கு மேலிருந்துதான் வைத்தியம்: பிளக்கைப் பிடுங்கிவிட்டு, துடைப்பத்தின் மரக்காம்பை உள்ளே விட்டு, தட்டின்மேல் இருக்கும் கட்டையில் சாய்வாக முட்டுக்கொடுத்துத் தள்ள வேண்டும். ஒரு பக்கம் அசையாவிட்டால் மறுபக்கம். மரக்காம்புதான் வேண்டும், இரும்புக் கம்பி வேண்டாம். கம்பி வழுக்கினால் வளையத்தின் பல்லை உடைக்கும், இல்லையென்றால் உங்கள் பல்லை.

ஒன்றும் சிக்காமலேயே இது இறுகிக்கொள்வதும் உண்டு. இரண்டு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்த் திரும்பியபோது எங்களுடைய பழைய அரைப்பான் இதே மாதிரி உறுமியது. உள்ளே ஒரு துரும்புகூட இல்லை.

பழைய ஃபிட்டர்:

மரக்கைப்பிடி சொல்வது சரி. ஆனால் அம்மாவுடையது ஆழ்ந்து உறுமியது என்கிறார். அது சாதாரண மின்தூண்டல் மோட்டாராக இருக்கவே வாய்ப்பு. நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,725 சுற்று ஓடும் வகை. அதில் துளை இருக்கும். பழைய பல்துலக்கியும் பல்குத்தும் குச்சியும் கொண்டு அந்த மேட்டைச் சுத்தம் செய்யுங்கள்.

பூட்டிய வீட்டுக்கதை துரு. ஈரத்தோடு விட்டுப்போன தட்டும் வளையமும் ஒட்டிக்கொள்ளும். அதற்கும் இதே சாவிதான். ஊருக்குப் போகும்முன் கடைசியாக ஒருமுறை நிறையத் தண்ணீர் விட்டு ஓட்டிவிட்டுப் போவது நல்லது. திரும்பி வந்ததும் சுவிட்சைத் தொடும் முன் கீழிருந்து ஒரு சுற்று கையால் சுற்றிவிட வேண்டும்.

ஈரக்கை:

துளை இருக்கிறது! அழுக்குக்குள் ஒளிந்திருந்தது.

ஆனால் புதிய தொல்லை. என்னிடம் உள்ள நான்கு ஆலன் கீக்களில் மூன்று சின்னவை. நான்காவதில் 6 என்று பொறித்திருக்கிறது. செருகினால் போகிறது, திருப்பினால் வழுக்குகிறது. இரண்டு முறை வழுக்கியதும் நிறுத்திவிட்டேன். துளை வட்டமாகிவிடும் என்று நீங்கள் எழுதியது கண்முன் வந்தது.

பழைய ஃபிட்டர்:

நிறுத்தியது புத்திசாலித்தனம். அந்தத் துளை கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர் சாவி அதில் தொளதொளவென்று ஆடும். கொஞ்சமாக இறுகியிருந்தால் அதிலேயே திருப்பிவிடலாம், உங்களுடையது நன்றாக இறுகியிருக்கிறது. அரைப்பானோடு ஒரு சாவி கொடுத்திருப்பார்கள். இரு முனையும் வளைந்து, குழந்தை வரைந்த Z மாதிரி இருக்கும் என்று எழுத நினைத்தேன், சரியாகச் சொன்னால் மின்னல் வடிவம். பொருத்தியவர்கள் அதை அநேகமாக அரைப்பானின் பக்கத்திலேயோ அலமாரியின் உள்சுவரிலேயோ ஒட்டிவிட்டுப் போயிருப்பார்கள். தேடுங்கள். கிடைக்காவிட்டால் அங்குல அளவுச் சாவிக் கொத்தில் கால் அங்குலம் கேட்டு வாங்குங்கள்.

ஈரக்கை:

சாவி கிடைத்தது. சிங்குக்குக் கீழே, பின்சுவரில், சிலந்திவலைக்குள் நாடாவால் ஒட்டியிருந்தது. ஆறு ஆண்டுகளாக அதன் முன்னால் சோப்புப் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

கச்சிதமாக உட்கார்ந்தது. இடம், வலம், இடம், வலம். ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. மாமனார் மட்டும் தொடர்ந்து, "விட்டுவிடு, விட்டுவிடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் கழுத்து மரத்துப்போனது. படுத்த நிலையில் கையைத் தலைக்குமேல் தூக்கி வேலை செய்வது எவ்வளவு கொடுமை என்று யாரும் எழுதவே இல்லையே. சரி, ஆறாவது நிமிடத்திலோ ஏழாவதிலோ, நீங்கள் சொன்ன அந்த 'சட்' வந்தது. என்னவோ பல் பிடுங்கியது போல. அதன் பிறகு சாவி முழுச் சுற்றும் சுற்றியது, நடுவில் ஒரு இடத்தில் மட்டும் 'கிறீச்' என்றது.

மேலிருந்து டார்ச் அடித்தேன். கரண்டி இல்லை. காந்தத்தை நூலில் கட்டி இறக்கினேன் (சொன்னால் கேட்காத சாதி நாங்கள்). ஒன்றும் ஒட்டவில்லை. பிறகு நீள மூக்குக் குறடால் தட்டின் ஓரமாகத் தடவிக்கொண்டே வந்தபோது, வளையத்தின் பக்கத்தில் மஞ்சளாக ஒன்று மின்னியது. மூன்று தடவை நழுவி, நான்காவது தடவை பிடிபட்டது.

இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் பித்தளைத் திருகு. தலைப்பக்கம் நசுங்கியிருக்கிறது.

எங்கிருந்து வந்திருக்கும் என்று கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். பார்வை தானாகக் குழாய்ப் பக்கம் போனது. போன வாரம் வாஷரை மாற்றிவிட்டுப் பிடியைத் திரும்ப மாட்டும்போது ஒரு திருகு குறைந்தது. சிங்கின் விளிம்பில்தான் வரிசையாக வைத்திருந்தேன். தேடினேன், காணவில்லை. அப்படி ஒரு திருகு முதலிலேயே இருக்கவில்லை என்று முடிவு கட்டி, மூடியை அழுத்திவிட்டு எழுந்துவிட்டேன். அன்றிலிருந்துதான் பிடி ஆடுகிறது.

பன்னிரண்டாவது கரண்டி மாமனாரின் அறையில் இருந்தது. இருமல் மருந்துப் பாட்டிலுக்குப் பக்கத்தில், டம்ளருக்குள். மேற்பார்வையாளர் இது பற்றி எதுவும் சொல்லவில்லை.

மகனிடம் பேச வேண்டியிருக்கிறது. அதற்கு முன் 15 நிமிடம் ஆறட்டும் என்று காத்திருக்கிறேன். மோட்டாரைச் சொல்கிறேன்.

மரக்கைப்பிடி:

பித்தளை என்றால் காந்தம் ஒட்டாது, சரிதான். அந்தக் குழாய் வேலை பார்க்கும்போது சிங்கின் வாயை ஒரு துணியால் அடைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் துணியால் அடைக்காமல் ஒரு காதணியை இழந்தவள், அதனால் இவ்வளவு ஞானம்.

ஈரக்கை:

பொத்தானை அழுத்தினேன். முதல் முறை நிற்கவில்லை. இருபது நிமிடம் கழித்து மறுபடி அழுத்தினேன், 'கிளிக்'. தண்ணீரைத் திறந்தேன், சுவிட்சைப் போட்டேன். ஓடுகிறது! அந்தச் சத்தத்தை இவ்வளவு ஆசையாகக் கேட்பேன் என்று நினைத்ததில்லை.

ஓடுகிறது, ஆனால் தண்ணீர் தயங்கித் தயங்கி இறங்குகிறது. குழாயை முழுதாகத் திறந்தால் சிங்கில் தண்ணீர் ஏறுகிறது. முன்பு இப்படி இல்லை. ஏதாவது உடைத்துவிட்டேனா?

இதற்கிடையில் மாமனார், "இந்த வம்பை எவன் கண்டுபிடித்தான்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், அவரை அந்தப் பக்கம் திருப்பிவிடலாம்.

பழைய ஃபிட்டர்:

எதையும் உடைக்கவில்லை. நேற்று இரவு சரியாக அரைபடாமல் போன கூழ், அடுத்துள்ள வளைவுக் குழாயில் உட்கார்ந்திருக்கிறது. டிராப் என்போமே, யு வடிவில் வளைந்து எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும் குழாய், அதில்தான்.

பிளக்கை மறுபடி பிடுங்கிவிட்டு, முதலில் பிளஞ்சரால் (கைப்பிடி வைத்த ரப்பர் கிண்ணம்) பத்துப் பன்னிரண்டு முறை அழுத்தி இழுத்துப் பாருங்கள். இரட்டை சிங்க் என்றால் மற்றொன்றின் வாயை ஈரத்துணியால் இறுக்கி அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தமெல்லாம் அந்தப் பக்கம் பீறிட்டு வரும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் குழாய் அரைப்பானில் சேர்ந்திருந்தால் அதையும் ஒரு கிளிப்பால் நெருக்கிவிடுங்கள். அழுக்குத் தண்ணீர் அதற்குள் ஏறிவிடும்.

பிளஞ்சருக்கு மசியவில்லை என்றால் வாளியை அடியில் வைத்துவிட்டு, வளைவின் இரு முனையிலும் இருக்கும் பெரிய பிளாஸ்டிக் நட்டுகளைக் கையாலேயே திருகிக் கழற்றலாம். வளைவுக்குள் இருப்பதை வாளியில் கொட்டிவிட்டு, அந்தக் குழாயைக் கழுவப் பழக்கதோஷத்தில் அதே சிங்குக்குக் கொண்டுபோய்த் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள். கீழே குழாய் இல்லை என்பது கால் நனைந்த பிறகுதான் நினைவுக்கு வரும். இதைச் செய்யாத ஃபிட்டர் உலகத்தில் கிடையாது, நான் இரண்டு முறை செய்திருக்கிறேன். திரும்ப மாட்டும்போது வாஷரின் சாய்ந்த பக்கம் இணைப்புக்குள் போகும்படி பாருங்கள். கையால் இறுக்கினால் போதும்.

கூழ் சேராமல் இருக்க, தண்ணீரைத் திறந்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். அரைத்து முடிந்த சத்தம் வந்த பிறகும் கால் நிமிடமாவது தண்ணீர் ஓட வேண்டும். குளிர்ந்த தண்ணீர்தான். சுடுதண்ணீர் கொழுப்பை உருக்கிக் கொண்டுபோய்க் குழாயின் நடுவழியில் உறையவிடும். குளிர்ந்த தண்ணீரில் அது கட்டியாகவே உடைந்து போய்விடும். எண்ணெயை அதில் ஊற்றுவதே வேண்டாம் என்பது என் கட்சி. நார் அதிகமுள்ள தோல், தண்டு எதையும் போடாதீர்கள். கட்டையைச் சுற்றிக் கயிறாகத் திரித்துக்கொள்ளும்.

மாமனாருக்கு: ஜான் ஹேம்ஸ் என்ற கட்டடக்கலைஞர், அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீன் ஊர்க்காரர். 1927-இல் செய்தார், 1935-இல் காப்புரிமை கிடைத்தது, 1938-இல் நிறுவனம் தொடங்கினார். ஆனால் நியூயார்க் நகரத்தில் பழைய சாக்கடைகள் தாங்காது என்று பல ஆண்டுகள் வீடுகளில் இதற்குத் தடை இருந்தது. 1997-இல்தான் நீக்கினார்கள்.

ஈரக்கை:

மாமனாரின் தீர்ப்பு: "நியூயார்க்காரர்கள் விவரமானவர்கள். ஏன் நீக்கினார்கள்?"

பிளஞ்சர் போதவில்லை. வளைவைக் கழற்றினேன். உள்ளே இருந்ததை வர்ணிக்க மாட்டேன் என்று மகனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவன்தான் வாளியைப் பிடித்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஏற்றுக்கொண்டான், நிபந்தனையோடு: இனிமேல் வீட்டில் எது காணாமல் போனாலும் முதலில் தாத்தா அறையில் தேட வேண்டும்.

தண்ணீர் இப்போது சுழித்துக்கொண்டு இறங்குகிறது. திருகின் தலையை அரத்தால் ராவி நேராக்கிக் குழாய்ப் பிடியில் போட்டுவிட்டேன். ஆட்டம் நின்றது.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. சாவியைச் செருகி எடுத்த இடத்தில் விரல் வைத்தால் கறுப்பாக, கொஞ்சம் ஈரமாக ஒட்டுகிறது. கசிகிறதா?

பழைய ஃபிட்டர்:

பழைய அழுக்கு நனைந்ததாகவும் இருக்கலாம், கசிவாகவும் இருக்கலாம். விரலால் பார்த்துச் சொல்ல முடியாது. அடிப்பகுதியை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, கீழே ஒரு வெள்ளைத்தாளை விரித்து வையுங்கள். வழக்கம்போல் இரண்டு நாள் பயன்படுத்துங்கள். மேல் விளிம்பிலோ பக்கவாட்டுக் குழாயிலோ இருந்து வழிந்திருந்தால் உடம்பில் கோடு தெரியும். அது விளிம்பை அடைக்கும் புட்டிப் பசையோ வாஷரோ மாற்றினால் தீர்ந்துவிடும். நட்டநடுவிலிருந்து, பொத்தான், துளை இருக்கும் இடத்திலிருந்து சொட்டினால் உள் சீல் போய்விட்டது, தண்ணீர் மோட்டார் வழியாக வருகிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யப் பணம் செலவழிக்க மாட்டேன், வேறு மாட்டிவிடுவேன். அப்படியானால் அதுவரை பிளக்கைச் செருகவும் வேண்டாம்.

ஈரக்கை:

மூன்று நாள் ஆயிற்று. தாளின்மேல் மகன் பென்சிலால் மணியும் தேதியும் எழுதிவைத்துப் பரிசோதனைச்சாலை நடத்துகிறான். முதல் நாள் ஓரத்தில் ஒரு துளி இருந்தது. வளைவின் நட்டை நான் போதுமான அளவு இறுக்கவில்லை, கையால் கால் திருப்பு இறுக்கினேன். நடுப்பகுதி இன்று காலைவரை காய்ந்தே இருக்கிறது. சாவியை அலமாரிக் கதவின் உள்பக்கம், சோப்புப் பாட்டில்களுக்கு முன்னால், கண்ணில் படும்படி ஆணியில் மாட்டிவிட்டேன்.